ஆட்லம் டிஸ்ப்ளே: நெசவிலிருந்து வந்த எழுத்துரு

ஆட்லம் டிஸ்ப்ளே என்பது மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபுலானி மக்களுடைய நெசவு, பூத்தையல் வடிவங்களை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்ட கணினி எழுத்துரு ஆகும். இது 2023ஆம் ஆண்டு வெளியானது. ஃபுலானி மொழிக்கான ஆட்லம் எழுத்துமுறையையும் இலத்தீன் எழுத்துகளையும் இது கொண்டுள்ளது. ஒரு மக்களின் கலை மரபிலிருந்து புதிய எழுத்துருவை உருவாக்குவது எப்படி, அதில் எங்கே தவறு நேரலாம் என்பதைப் புரிந்துகொள்ள இது நல்ல எடுத்துக்காட்டு.

எழுத்துமுறை வேறு, எழுத்துரு வேறு. ஒரு மொழியின் ஒலிகளைக் குறிக்கும் குறிகளின் தொகுப்பு எழுத்துமுறை. அக்குறிகளுக்கு ஒரு வடிவமைப்பாளர் கொடுக்கும் குறிப்பிட்ட தோற்றம் எழுத்துரு. ஒரே எழுத்துமுறைக்கு நூற்றுக்கணக்கான எழுத்துருக்கள் இருக்கலாம். ஆட்லம் எழுத்துமுறைக்கு நீண்ட காலம் ஒன்றுகூட ஒழுங்காக இல்லை.

போலி "ஆப்பிரிக்க" எழுத்துருக்கள்

ஆப்பிரிக்கா தொடர்பான புத்தக அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் தடித்த, கரடுமுரடான, மரத்தில் செதுக்கியது போன்ற எழுத்துகளைப் பலர் பார்த்திருப்பர். அவற்றுள் மிகவும் அறியப்பட்டது நியூலாண்ட். ஆனால் இதற்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜெர்மானியரான ருடால்ஃப் கோச் என்பவர் 1923இல் ஆஃபன்பாக் நகரின் கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகத்துக்காக இதை உருவாக்கினார். முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் நேரடியாக உலோக அச்சில் வெட்டியதால்தான் அதற்கு அந்தக் கரடுமுரடான தோற்றம் வந்தது. பின்னர் அமெரிக்கப் பதிப்பாளர்கள் கறுப்பின மக்கள் பற்றிய நூல்களுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினர். காடு, விலங்கு, சாகசம் என்றாலும் இதே எழுத்துதான். 1993இல் வந்த ஜுராசிக் பார்க் படத்தின் தலைப்பும் இதன் ஒரு வகையே.

லித்தோஸ் என்ற இன்னொரு எழுத்துருவின் கதையும் இதுபோன்றதே. 1989இல் கரோல் ட்வோம்ப்ளி பழைய கிரேக்கக் கல்வெட்டுகளைப் பார்த்து அதை வடிவமைத்தார். அதுவும் "ஆப்பிரிக்கத் தன்மை" உள்ளதாகக் கருதப்பட்டு எங்கும் பயன்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகளும் உள்ள ஒரு கண்டத்தை ஒரு கரடுமுரடான கோட்டுக்குள் அடைப்பது அறியாமையே அன்றி வேறில்லை.

இத்தனைக்கும் ஆப்பிரிக்காவில் எழுத்தும் குறியீடும் குறைவில்லை. லைபீரியாவின் வாய் எழுத்து 1830களில் உருவானது. கேமரூனில் சுல்தான் ஞோயா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாமும் எழுத்தை உருவாக்கினார். கானாவின் அக்கான் மக்கள் துணியில் பதிக்கும் அடிங்க்ரா குறியீடுகள் உலகறிந்தவை. ஜிம்பாப்வேயைச் சேர்ந்த சகி மஃபுண்டிக்வா 1999இல் ஹராரே நகரில் வடிவமைப்புக் கல்லூரி ஒன்றை நிறுவி, மாணவர்கள் ஐரோப்பாவைப் பார்த்து நகலெடுப்பதை விட்டுத் தம் மரபைப் பார்க்க வேண்டும் என்று கற்பித்தார். 2004இல் வெளியான அவருடைய நூல் இந்த எழுத்துமுறைகளைத் தொகுத்துத் தந்தது.

இரு சிறுவர்களின் எழுத்து

ஃபுலானி மக்கள் மேற்கே செனகல் முதல் கிழக்கே சூடான் வரை இருபதுக்கு அருகிலான நாடுகளில் பரவி வாழ்கின்றனர். மாடு மேய்ப்பது பலரது பரம்பரைத் தொழில். இவர்களின் மொழி இடத்துக்கு ஏற்ப புலார், ஃபுல்ஃபுல்டே எனப்படுகிறது. காற்றை உள்ளிழுத்து ஒலிக்கும் சில மெய்யொலிகள் இதில் உண்டு. அரபு எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் இவற்றைச் சரியாகக் குறிக்க இயலவில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் ஊகித்தே படிக்க வேண்டியிருந்தது.

கினி நாட்டின் என்செரெகோரே நகரில் ஊராருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்பவராக ஒருவர் இருந்தார். அவருடைய மகன்கள் இப்ராகிமா பாரி, அப்துலாயே பாரி. தந்தை படும் சிரமத்தைப் பார்த்த இவர்கள் 1989இல் தம் மொழிக்கென்று ஓர் எழுத்தை உருவாக்க முற்பட்டனர். அப்போது மூத்தவருக்கு 14 வயது, இளையவருக்கு 10 வயது. கண்களை மூடிக்கொண்டு தாளில் கோடுகள் கிறுக்கி, அவற்றுள் நன்றாகத் தோன்றியவற்றைத் தேர்ந்தெடுத்துத் திருத்தினர். இவ்வாறு 28 எழுத்துகள் உருவாயின. உயிரெழுத்து 5, மெய்யெழுத்து 23. வலமிருந்து இடமாக எழுதப்படும். அரபு போல எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும். இலத்தீன் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடும் உண்டு.

முதல் நான்கு எழுத்துகளே பெயராயின. "ஓர் இனம் அழிந்துபோகாமல் காக்கும் எழுத்து" என்ற பொருள்படும் ஃபுலானிச் சொற்றொடரின் சுருக்கமாகவும் அப்பெயர் விளங்குகிறது.

கையால் எழுதி, சந்தைகளில் கற்பித்து, நகலெடுத்துப் பரப்பிய காலத்தில் இடையூறுகளும் வந்தன. 2002இல் இப்ராகிமா குற்றச்சாட்டு ஏதுமின்றி மூன்று மாதம் சிறையில் இருந்தார். பின்னர் சகோதரர்கள் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, சொந்தச் செலவில் ஒரு கணினி எழுத்துருவைச் செய்வித்தனர். அது அரபு எழுத்துகளின் இடத்தில் ஆட்லம் வடிவங்களை ஏற்றிவைத்த ஒன்று. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் செய்தியைத் திறந்தால் பொருளற்ற அரபு எழுத்துக் குவியலே தெரிந்தது. பாமினியில் தட்டச்சு செய்ததை வேறு கணினியில் திறந்து ஆங்கில எழுத்துக் குப்பையைப் பார்த்த தமிழருக்கு இந்தச் சிக்கலை விளக்க வேண்டியதில்லை. 2016 ஜூனில் வெளியான ஒருங்குறி 9.0 பதிப்பில் ஆட்லம் இடம்பெற்ற பிறகே இதற்குத் தீர்வு கிடைத்தது. 2019இல் விண்டோஸ் 10 தன் எப்ரிமா எழுத்துருவில் ஆட்லமைச் சேர்த்தது.

துணியிலிருந்து எழுத்துக்கு

படிக்க எழுத்துரு வந்துவிட்டது. ஆனால் தலைப்பு, பெயர்ப்பலகை, அழைப்பிதழ் ஆகியவற்றுக்கு ஃபுலானி முகம் கொண்ட எழுத்து இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆதரவில் மார்க் ஜம்ரா, நீல் படேல், ஆண்ட்ரூ ஃபுட்டிட் ஆகிய வடிவமைப்பாளர்கள் பாரி சகோதரர்களோடு சேர்ந்து இப்பணியில் இறங்கினர். ஜம்ராவும் படேலும் ஆப்பிரிக்க எழுத்துமுறைகள் பலவற்றுக்கான கிஜேலியா என்ற எழுத்துருவை ஏற்கெனவே உருவாக்கியவர்கள்.

இவர்கள் எடுத்துக்கொண்ட மூலங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று கசா. மாலி நாட்டின் நைஜர் ஆற்று உள்சமவெளியில் மாபூபே எனப்படும் நெசவாளர்கள் செம்மறி ஆட்டு மயிரால் நெய்யும் கம்பளி இது. குறுகிய நீண்ட பட்டைகளாக நெய்து பக்கவாட்டில் சேர்த்துத் தைப்பர். வெண்ணிறத் தளத்தில் சிவப்பு, கறுப்பு, மஞ்சள் நிறங்களில் முக்கோணங்களும் சாய்சதுரங்களும் வரும். குளிரையும் கொசுவையும் தடுக்க இது பயன்படும். இரண்டாவது, நைஜர் நாட்டுப் பகுதியில் நாடோடிகளாக வாழும் வொடாபே பிரிவினர் அவுரி நீலத் துணியில் செய்யும் பளிச்சென்ற பூத்தையல்.

துணி வடிவத்தை அப்படியே எழுத்தின் மேல் ஒட்டினால் அது அலங்காரமாகுமே தவிர எழுத்துருவாகாது. இரண்டின் இயல்பும் நேர்மாறானவை. பாவும் ஊடும் செங்குத்தாகக் குறுக்கிடுவதால் நெசவில் வட்டம் எளிதில் வராது, சாய்கோடுகூடப் படிப்படியாகவே ஏறும். ஆட்லமோ கையெழுத்தில் வளர்ந்தது. அதில் வளைவுகள் அதிகம். மேலும், துணியில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதே அழகு. எழுத்தில் ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து பிரித்தறியத்தக்கதாக இருக்க வேண்டும். இரண்டு எழுத்துகள் ஒன்றுபோல் தோன்றினால் சொல்லே மாறிவிடும்.

துணியிலிருந்து எழுத்துக்குள் கொண்டுவரத் தக்கது வேறொன்று உண்டு. கம்பளியில் நிறமுள்ள முக்கோணத்துக்கும் அதன் பக்கத்தில் மிஞ்சும் வெள்ளை முக்கோணத்துக்கும் சம மதிப்பு. எது வடிவம், எது பின்னணி என்று சொல்வது கடினம். தடித்த எழுத்திலும் கோட்டின் கனத்தைப் போலவே உள்ளே அடைபடும் வெற்றிடமும் கண்ணில் படுகிறது. அந்த வெற்றிடத்தையும் ஒரு வடிவமாகக் கருதி வரைந்தால் நெசவின் உணர்வு எழுத்தின் கட்டமைப்பிலேயே வந்துவிடும். சேரும் எழுத்துமுறை என்பதால் எல்லா எழுத்துகளும் ஒரே உயரத்தில், ஒரே தடிமனில் கைகோக்கவும் வேண்டும். கனம் கூடக்கூட இந்த இணைப்பு கடினமாகும்.

பாரி சகோதரர்கள் உடனிருந்ததே இத்திட்டத்தை நியூலாண்ட் கதையிலிருந்து வேறுபடுத்துகிறது. வெளியாருக்கு அழகாகத் தோன்றும் ஒரு வளைவு, அந்த எழுத்தில் நாள்தோறும் எழுதுபவருக்குப் பிழையாகத் தெரியலாம். அதைச் சொல்ல உரிமையுள்ளவர் வரைபலகை அருகிலேயே இருக்க வேண்டும். ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் விளம்பரத்துக்கும் இது பயன்பட்டது என்ற விமரிசனம் எழக்கூடும். அது நியாயமானதே. ஆனால் எழுத்துரு திறந்த உரிமத்தில், கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கொனாக்ரியில் அழைப்பிதழ் அச்சடிப்பவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு முயற்சி நடந்துள்ளது. பசோத்தோ பெண்கள் வீட்டுச் சுவர்களில் கீறியும் வண்ணமிட்டும் வரையும் லித்தேமா கோலங்களிலிருந்து 'டிடெமா ட்ஸா டினோகோ' என்ற எழுத்துமுறையே உருவாகியுள்ளது. அதில் முக்கோணம் நோக்கும் திசை உயிரொலியைக் காட்டும். ஆனால் அது ஒருங்குறியில் இன்னும் இடம்பெறவில்லை.

ஆட்லம் டிஸ்ப்ளே பெரிய அளவுக்கு மட்டுமே ஏற்றது. பாடநூலின் சிறிய வரிகளில் அதன் கனம் கண்ணை உறுத்தும். அதற்கு நோட்டோ சான்ஸ் ஆட்லம், எப்ரிமா போன்றவற்றையே பயன்படுத்த வேண்டும்.