சாயமில்லாத வண்ணங்கள்

மோதிரத்திற் பதித்த ஒப்பல் கல்லைச் சற்றே சரித்துப் பாருங்கள். சிவந்திருந்த இடம் பச்சையாகும், பச்சை நீலமாகும். அக்கல்லோ மணலின் சாரமான சிலிக்காவும் சிறிது நீருமேயன்றி வேறன்று. சாயம் ஒரு துளியும் அதில் இல்லை. பின் இத்தனை வண்ணமும் எங்கிருந்து வந்தது?

1964ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய விஞ்ஞானி சான்டர்ஸ், இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு இதற்கு விடை கண்டார். பழக்கடையில் தோடம்பழங்களை அடுக்கியிருப்பதுபோல, ஒரே அளவான சிலிக்கா மணிகள் கல்லினுள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. 250 நனோமீற்றர் பருமனுடைய மணிகளாயின் ஒரு மில்லிமீற்றரில் நாலாயிரத்தை நிரையாக வைக்கலாம்! ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகளில், அடுக்கின் இடைவெளிக்கு இசைந்த அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. பெரிய மணிகள் சிவப்பையும் காட்டும். சிறியவை நீலத்தோடு நின்றுவிடும். மணிகள் அளவு பிசகினாலோ, கிடைப்பது வெறும் பால்நிறக் கல்தான்.

அத்தகைய மணிகளை மதுசாரத்தில் அமோனியாவின் உதவியால் ஆக்கும் முறையை ஸ்டோபரும் அவர்தம் கூட்டாளிகளும் 1968இல் வெளியிட்டனர். அவற்றை அடுக்குவது யார்? எவருமல்லர். மணிகள் மிதக்கும் நீர் மெல்ல ஆவியாகும்போது, நீரின் மேற்பரப்பிழுவிசை அவற்றை ஒன்றோடொன்று நெருக்கி வரிசைப்படுத்துகிறது. ஆனால் உலரும் படை சுருங்கி, வரண்ட குளத்துச் சேறுபோல வெடித்துவிடுவதுமுண்டு. வேண்டிய இடத்தில் மட்டும் மணிகள் அமரவேண்டுமாயின் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

வழி காட்டியது, தபாற்கந்தோர் முத்திரை போன்றதொரு எளிய கருவி! ஹார்வார்ட் சர்வகலாசாலையில் குமார், வைற்சைட்ஸ் என்போர் 1993இல், இறப்பரைப்போல் வளையும் சிலிக்கோன் முத்திரையால், ஒரேயொரு மூலக்கூற்றின் கனமுடைய மைப்படையைப் பொன்மேல் அச்சிட்டனர். இவ்வாறு நீரை ஏற்கும் கோலமும் நீரை விலக்கும் கோலமும் வரைந்துவிட்டால், மணிகள் கலந்த நீர் ஏற்குமிடத்திலேயே தங்கும். மணிகளும் அங்கேயே அடுக்குறும்.

மைத்துளிகளைத் தெளித்து அச்சிடும் பொறியாலும் இதைச் செய்யலாம். தொல்லை என்னவெனில், மேசையிற் சிந்திய கோப்பி விளிம்பிற் கறுத்து வளையமாக உலர்வதுபோல, துளியிலுள்ள மணிகளும் ஓரத்திற்கே ஓடிவிடுகின்றன. மெதுவாக ஆவியாகும் இன்னொரு திரவத்தைக் கலந்து, அவற்றை நடுவுக்குத் திருப்புகிறார்கள்.

இவையெல்லாம் வெறும் கண்காட்சிக்கெனக் கருதவேண்டாம். 1997இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் ஹோல்ட்ஸ், ஆஷர் என்போர் இத்தகைய மணியடுக்கொன்றை மெதுவான கூழினுள் இறுக்கி வைத்தனர். நீரில் ஈயநஞ்சு கலந்திருப்பின் கூழ் வீங்கும். மணிகளின் இடைவெளி அகலும். வண்ணம் சிவப்பை நோக்கி நகரும். நாவுக்கும் மூக்குக்கும் புலப்படாத நஞ்சு அவ்வாறு கண்ணுக்குப் புலனாகிறது.