தயிருக்குள்ளே ஒரு தற்காப்புப் படை!

"அதே பால், அதே பாத்திரம்தான் டாக்டர். மார்கழியில தயிர் உறையவே மாட்டேங்குது. சித்திரையில மத்தியானத்துக்குள்ள வாயில வைக்க முடியாம புளிச்சுப் போகுது!"

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. பாலை உறைய வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. வெதுவெதுப்பில் சுறுசுறுப்பு, குளிரில் மந்தம். அது சரி, தான் கக்கிய அமிலமே தனக்கு எமனாகும்போது அவை எப்படிப் பிழைக்கின்றன?

விடை புரதங்களில் இருக்கிறது. பாக்டீரியாவை உடைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லி போன்ற தகட்டில் மின்சாரம் செலுத்திப் பிரிப்பார்கள். ஒவ்வொரு புரதமும் தனித்தனிப் புள்ளியாக வந்து நிற்கும். 1975-ல் வந்த முறை இது. சுகமாக வளர்ந்த பாக்டீரியாவின் தகட்டையும், புளிப்பிலோ சூட்டிலோ அவதிப்பட்டதன் தகட்டையும் அருகருகே வைத்தால், எந்தப் புள்ளி பெருத்தது, எது சிறுத்தது என்பது தெரிந்துவிடும். அந்தப் புள்ளி என்ன புரதம் என்பதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி சொல்லிவிடும்.

அப்படிப் பார்த்ததில் தெரிந்தது என்ன? புளிப்பு ஏறினால், உள்ளே புகும் அமிலத்தை மோட்டார் பம்பு மாதிரி வெளியே இறைக்கும் புரதம் வேலை செய்கிறது. சூடு ஏறினால், உருக்குலைந்த புரதங்களைச் சீர்செய்யும் 'குரோ-இஎல்', 'டிஎன்ஏ-கே' ஆகிய புரதங்கள் பெருகுகின்றன. குளிருக்கென்றே தனிப் புரதங்களும் உண்டு. இன்னொரு விஷயம்: லேசான புளிப்பில் சற்று நேரம் பழகிய பாக்டீரியா, பிறகு கடும் புளிப்பையும் தாங்குகிறது. பழகாததைத் திடீரென்று அதில் தள்ளினால், பெரும்பாலும் செத்துப் போகிறது.

அதனால்தான் கொதிக்கக் கொதிக்க உள்ள பாலில் உறைமோர் ஊற்றாதீர்கள் என்கிறேன். பழகிக்கொள்ள அவகாசமே கிடையாதே! விரல் பொறுக்கும் சூடு போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் தயிரின் உயிர் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். வேகம் குறையும், அவ்வளவுதான்.

பால் குடித்தால் வயிறு உப்புசம் காண்பவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. உயிருள்ள யோகர்ட் பாக்டீரியாக்கள் பால் சர்க்கரை செரிக்க உதவுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் மோர்க்குழம்பைக் கொதிக்க விட்டால் ருசிதான் மிஞ்சும், பாக்டீரியா மிஞ்சாது.

மோரில் நீரைச் சேர்த்துப் பெருக்கிக் குடிக்கச் சொன்னார் தேரையர். அதை இந்த ஆராய்ச்சி நிரூபித்துவிட்டது என்று மார்தட்ட நான் தயாரில்லை. அது வேறு கணக்கு.

ஒரு எச்சரிக்கை. பால் பட்டாலே தடிப்பு, மூச்சுத் திணறல் வரும் குழந்தைக்கு இருப்பது பால் அலர்ஜி. அந்தக் குழந்தைக்குத் தயிரும் ஆகாது, மோரும் ஆகாது.