அமீன் கரைசல்களின் பரப்புப் பண்புகள்

புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுக் கலவையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்க நீரில் கரைந்த அமீன்கள் பயன்படுகின்றன. இக்கரைசல்களின் பரப்பு இழுவிசை, திண்மப் பரப்பில் படரும் தன்மை, நுரைக்கும் இயல்பு ஆகியவை அவற்றின் பரப்புப் பண்புகள் எனப்படும். வாயு, கரைசலுக்குள் நுழையும் ஒரே வழி அதன் மேற்பரப்புதான். ஆகவே இப்பண்புகள் ஆலையின் அளவையும் செலவையும் பாதிக்கின்றன.

செயல்முறை

அம்மோனியாவின் ஹைட்ரஜன் அணுக்களுக்குப் பதிலாகக் கார்பன் தொகுதிகள் அமைந்த சேர்மங்களே அமீன்கள். இவை காரத்தன்மை உடையவை. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரையும்போது அமிலத்தன்மை உடையது. எனவே இரண்டும் எளிதில் வினைபுரிகின்றன. இம்முறைக்கு ஆர். ஆர். பாட்டம்ஸ் 1930-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பரவலாகப் பயன்படும் அமீன் மோனோ எத்தனால் அமீன். வழக்கமாக 30 விழுக்காட்டுக் கரைசலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

உறிஞ்சு கோபுரத்தில் கரைசல் மேலிருந்து வழிய, புகை கீழிருந்து ஏறுகிறது. சுமார் 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் கார்பன் டை ஆக்சைடு கரைசலில் பிணைகிறது. பின்னர் மற்றொரு கோபுரத்தில் ஏறத்தாழ 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்து வெளியேறும். கரைசல் மீண்டும் பயன்படும்.

பரப்பின் பங்கு

ஒரு லிட்டர் கரைசலைப் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பாத்திரத்தில் ஊற்றினால், காற்றைத் தொடும் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் தடிமனில் பரப்பினால் ஒரு சதுர மீட்டர், அதாவது நூறு மடங்கு. மரக்காணம் உப்பளங்களில் பாத்திகள் ஆழமின்றி அகலமாக அமைந்திருப்பதற்கும் இதுவே காரணம்: நீர் ஆவியாவதும் பரப்பின் வழியேதான். உறிஞ்சு கோபுரத்தினுள் உலோகத் தகடுகளை அடுக்கி, அவற்றின்மேல் கரைசலை மெல்லிய ஏடாக வழியவிடுவது இதற்காகவே.

பரப்பு இழுவிசை

25 டிகிரியில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். தூய மோனோ எத்தனால் அமீனுக்கு ஏறத்தாழ 49. அமீன் மூலக்கூறில் நீரை விரும்பும் பகுதியும் நீரை விலக்கும் கார்பன் பகுதியும் உள்ளன. எனவே அது கரைசலின் உட்புறத்தைவிட மேற்பரப்பில் சற்று மிகுதியாகத் திரள்கிறது. இதனால் நீரில் சிறிதளவு அமீன் சேர்த்தாலே இழுவிசை விரைவாகக் குறையும். வெப்பநிலை உயர்ந்தாலும் குறையும். கார்பன் டை ஆக்சைடை ஏற்கும்போது அயனிகள் உருவாவதால் இழுவிசையும் பாகுத்தன்மையும் சற்று உயர்கின்றன.

இழுவிசை மிகுந்த நீர்மம் தகட்டின்மேல் துளித்துளியாகத் திரண்டு நிற்கும்; தகட்டின் பெரும்பகுதி நனையாமல் வீணாகும். இழுவிசை குறைந்தால் கரைசல் நன்கு படரும். ஆனால் குறையக் குறைய நன்மை என்று கொள்ள முடியாது. குமிழிகள் எளிதில் உருவாகும். கரைசலில் கலந்த எண்ணெய்ப் பசை, சிதைந்த அமீன், அரிப்பினால் வந்த இரும்புத் துகள்கள் ஆகியவை அக்குமிழிகளை உடையவிடாமல் காக்கும். நுரை பெருகினால் வாயுவின் பாதை தடைப்படும். விலை மிகுந்த அமீன் வாயுவோடு அடித்துச் செல்லப்படும். நுரையடக்கிகள் சேர்ப்பதும் கரைசலை வடிகட்டுவதும் இதற்குத் தீர்வுகள்.

தூத்துக்குடி ஆலை

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனத்தின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அமைப்பு 2016-இல் இயங்கத் தொடங்கியது. அரசு மானியமின்றி அமைந்தது என்பதால் உலக அளவில் பேசப்பட்டது. கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் ஆகியோர் நிறுவிய கார்பன் கிளீன் இதற்கான கரைப்பானை உருவாக்கியது.

இங்கு பிடிக்கப்படும் வாயு, உப்பு, அம்மோனியா ஆகியவற்றோடு சேர்ந்து சோடா சாம்பலாகிறது. அம்மோனியம் குளோரைடு உரமும் கிடைக்கிறது. கண்ணாடி, சலவைத்தூள் ஆகியவற்றுக்குச் சோடா சாம்பல் மூலப்பொருள். எனினும், கண்ணாடி உலையில் உருகும்போது அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மீண்டும் காற்றில் கலந்துவிடும். ஆகவே இதை நிலத்தடியில் நிலையாகச் சேமிப்பதற்கு ஈடாகக் கருத முடியாது.

பயன்

இம்முறையில் பெரும் செலவு கரைசலைச் சூடாக்குவதற்கே ஆகிறது. அதைக் குறைக்கப் புதிய அமீன் கலவைகள் தேடப்படுகின்றன. எவ்வளவு வாயுவை ஏற்கும், எவ்வளவு வெப்பம் கேட்கும் என்பவற்றோடு, தகட்டில் எப்படிப் படரும், எவ்வளவு நுரைக்கும் என்பவற்றையும் அளந்த பின்னரே ஒரு கலவை ஆலைக்கு ஏற்றதா என முடிவு செய்ய இயலும்.