கைமாறிய பிறகு நடப்பவை

2022 ஆகஸ்ட் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்கப் பங்குச் சந்தை திறக்கும் முன்பே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பங்கு 10 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. ஃபிஃபா கால்பந்து, பேட்டில்ஃபீல்ட், சிம்ஸ் ஆகிய வீடியோ கேம்களை வெளியிட்ட நிறுவனம் அது. அதை அமேசான் வாங்கப்போகிறது என்று ஒரு செய்தி பரவியிருந்தது. சில மணி நேரத்தில் சி.என்.பி.சி. தொலைக்காட்சி அதை மறுத்தது. ஏறியதில் பெரும்பகுதி அன்றே இறங்கிவிட்டது.

2025 செப்டம்பர் 26, இன்னொரு வெள்ளிக்கிழமை. அதே நிறுவனத்துக்கு விலை பேசப்படுவதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. பங்கு ஏறத்தாழ 15 சதவீதம் ஏறியது. இந்த முறை செய்தி உண்மை. திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது. விலை 5,500 கோடி டாலர். வாங்குவோர் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற மூவர்.

வதந்தி மெய்யோ பொய்யோ, முதல் நாள் பேச்சு ஒன்றாகத்தான் இருக்கிறது. வாங்குவார்களா, என்ன விலை, யாருக்கு லாபம். வாங்கி முடித்த பிறகு என்ன நடக்கும் என்ற கேள்வி அன்று எழுவதில்லை. அதற்கு இப்போது தேதி வாரியாகப் பதில் இருக்கிறது. ஒரு தொழில்நுட்ப நிறுவனம் ஒரு பெரிய கேம் வெளியீட்டு நிறுவனத்தை வாங்கி முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

கால் ஆஃப் டூட்டி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், கேண்டி கிரஷ் என்ற மூன்று கேம்களும் ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்ட் நிறுவனத்தின் சொத்து. 2021 ஜூலையில் பணியிடத் துன்புறுத்தல், பாகுபாடு தொடர்பாகக் கலிஃபோர்னியா அரசுத் துறை ஒன்று அதன்மேல் வழக்குத் தொடுத்தது. பங்கு சரிந்தது. 2022 ஜனவரி 14 அன்று சந்தை மூடும்போது ஒரு பங்கு 65.39 டாலர். நான்கு நாள் கழித்து, ஜனவரி 18 அன்று, பங்குக்கு 95 டாலர் ரொக்கமாகத் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சந்தை விலையைவிட 45 சதவீதம் அதிகம். மொத்தம் 6,870 கோடி டாலர். கேம் தொழிலில் அதுவரை இவ்வளவு பெரிய விற்பனை நடந்ததில்லை.

45 சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வாங்கினால், அந்தக் கூடுதலை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். வழிகள் மூன்றுதான். அதிகம் விற்க வேண்டும், விலையை ஏற்ற வேண்டும், செலவைக் குறைக்க வேண்டும்.

இத்தகைய விற்பனைக்கு அரசுகளின் அனுமதி தேவை. அனுமதி கேட்கும் காலம்தான் வாக்குறுதிகளின் காலம். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது சந்தைப் போட்டியையும் நுகர்வோரையும் காக்கும் அரசு ஆணையம், 2022 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் விற்பனையைத் தடுத்தது. இந்த நெருக்கடியில் மைக்ரோசாஃப்ட் பல உறுதிகளைத் தந்தது. நிண்டெண்டோவுக்குக் கால் ஆஃப் டூட்டி 10 ஆண்டுகளுக்கு. பின்னர் சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் 10 ஆண்டுகளுக்கு. கேமைத் தொலைதூர சர்வரில் ஓட்டி இணையம் வழியாக அனுப்புவது கிளவுட் கேமிங். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே அதற்கான உரிமைகள், இருக்கும் கேம்களுக்கும் அடுத்த 15 ஆண்டுகளில் வெளிவருபவற்றுக்கும், பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனத்துக்கு. வாங்கப்படும் நிறுவனம் பெருமளவு தனித்தே இயங்கும் என்பதும், புதிய கால் ஆஃப் டூட்டி மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாதாரர்களுக்கு வெளியாகும் நாளிலேயே கிடைக்கும், இந்த விற்பனையைக் காரணமாக்கி விலை ஏறாது என்பதும் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட வாதங்கள்.

2023 ஜூலையில் கலிஃபோர்னிய நீதிமன்றம் விற்பனைக்கு இடைக்காலத் தடை தர மறுத்தது. முன்பு தடுத்த பிரிட்டனும் அக்டோபர் 13 அன்று ஒப்புதல் தந்தது. அன்றே விற்பனை முடிந்தது. வதந்தியைத் துரத்தியவர்களுக்கு அதுதான் கதையின் முடிவு.

அதற்கு அடுத்த தேதி 2024 ஜனவரி 25. விற்பனை முடிந்து 104 நாள். மைக்ரோசாஃப்ட் கேமிங் பிரிவில் அப்போது சுமார் 22,000 பேர். அவர்களில் 1,900 பேர் நீக்கப்பட்டார்கள். அதே நாளில் பிளிஸ்ஸார்ட் தலைவர் மைக் யபாரா விலகினார். பிளிஸ்ஸார்டில் ஆறு ஆண்டுகளாக உருவாகிக்கொண்டிருந்த ஒடிஸி என்ற கேம் கைவிடப்பட்டது. ஆறு ஆண்டு உழைப்பில் ஒரு துண்டைக்கூட வெளியே யாரும் விளையாடிப் பார்த்ததில்லை.

தனித்து இயங்கும் என்று சொன்னதற்கும் இந்த ஆட்குறைப்புக்கும் பொருந்தவில்லை என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு எழுதியது. விற்பனைக்கு முன்பே ஆக்டிவிஷன் ஆட்குறைப்புக்குத் திட்டமிட்டிருந்தது என்று மைக்ரோசாஃப்ட் பதில் தந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்த தொழில் இது. 2023இலும் 2024இலும் பல கேம் நிறுவனங்கள் ஆட்களை நீக்கின. ஆனால் 1,900 பேருக்கும் கடிதம் போனது விற்பனை முடிந்த பிறகுதான்.

அடுத்த தேதி 2024 மே 7. இதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். ஆக்டிவிஷனுக்கு முன்பே, 2020 செப்டம்பரில், ஜெனிமேக்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. 2021 மார்ச்சில் அது முடிந்தது. அதோடு வந்த ஸ்டூடியோக்களில் இரண்டு, டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ், டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்கேன் ஆஸ்டின்.

டாங்கோ 2023 ஜனவரியில் ஹை-ஃபை ரஷ் என்ற கேமை முன்னறிவிப்பே இல்லாமல் வெளியிட்டது. இசையின் தாளத்துக்கு ஏற்பச் சண்டை போடும் விளையாட்டு. 30 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். எல்லா முக்கிய அளவுகோல்களிலும் இது வெற்றி என்று மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் பிரிவு அதிகாரி ஒருவரே பொதுவெளியில் சொன்னார். 2024 ஏப்ரல் 11 அன்று லண்டனில் அனிமேஷனுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. 26 நாள் கழித்து ஸ்டூடியோவை மூடுவதாக அறிவிப்பு வந்தது. தோற்றதால் மூடினார்கள் என்று சொல்ல இங்கே இடமில்லை. பின்னர் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அந்தக் கேமின் உரிமையையும் ஊழியர்களில் பலரையும் எடுத்துக்கொண்டது.

ஆர்கேன் ஆஸ்டினும் அதே நாளில் மூடப்பட்டது. அதன் கடைசிக் கேம் ரெட்ஃபால், 2023 மே மாதம் வெளியாகித் தோல்வி கண்டது. மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு அதன் பிளேஸ்டேஷன் பதிப்பு கைவிடப்பட்டதாக இயக்குநரே பேட்டியில் சொல்லியிருந்தார். தனியாக விளையாடினாலும் இணையத்தில் இணைந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கேமின் அமைப்பு. சர்வரை நிறுத்தினால், காசு கொடுத்து வாங்கியவர் கையில் எதுவும் இருக்காது. சிலர் கூடுதல் பணம் கட்டி, பின்னால் வரவிருந்த இரண்டு புதிய கதாபாத்திரங்களையும் முன்கூட்டியே வாங்கியிருந்தார்கள். அந்தக் கதாபாத்திரங்கள் வரவே இல்லை. அந்தப் பகுதிக்கான பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் சொன்னது. மூடல் அறிவிப்புக்குப் பிறகு, 2024 மே இறுதியில், ரெட்ஃபாலுக்கு ஒரு கடைசிப் புதுப்பிப்பு வந்தது. அதில்தான் இணையம் இல்லாமல் விளையாடும் வசதி சேர்க்கப்பட்டது. வேலை போவது உறுதியான பிறகு வெளியான வேலை அது. அது இல்லையென்றால் அந்தக் கேமின் ஆயுள் சர்வர் ஓடும் வரைதான்.

2024 செப்டம்பரில் கேமிங் பிரிவில் மேலும் 650 பேர் நீக்கப்பட்டார்கள். 2025 ஜூலை 2 அன்று மைக்ரோசாஃப்ட் முழுவதிலும் சுமார் 9,000 பேர். கேமிங் பிரிவும் அதில் அடக்கம். பெர்ஃபெக்ட் டார்க், எவர்வைல்ட் என்ற இரண்டு கேம்கள் கைவிடப்பட்டன. தி இனிஷியேட்டிவ் என்ற ஸ்டூடியோ, 2018இல் தொடங்கப்பட்டது, ஒரு கேமைக்கூட வெளியிடாமல் மூடப்பட்டது.

இதெல்லாம் பணமுடையால் நடந்ததல்ல. 2025 ஜூனில் முடிந்த ஒரே காலாண்டில் மைக்ரோசாஃப்டின் நிகர லாபம் 2,720 கோடி டாலர். 2023 இலையுதிர் காலத்தில், விற்பனை முடிந்த அதே பருவத்தில், கேமிங் பிரிவுக்கு 30 சதவீத லாப இலக்கு வைக்கப்பட்டதாக ப்ளூம்பெர்க் 2025 அக்டோபரில் எழுதியது. அதே செய்தியின்படி கேம் தொழிலின் வழக்கமான லாப விகிதம் 17 முதல் 22 சதவீதம். கேமை மட்டுமே நம்பிய நிறுவனத்தில் ஸ்டூடியோவை மூடுவது கடைசி வழி. மென்பொருளும் கிளவுடும் சம்பாதித்துத் தரும் நிறுவனத்தில் அது ஒரு கணக்கு வரி. இன்னோர் உதாரணம் கூகுள். அதன் ஸ்டேடியா கிளவுட் கேமிங் சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. அதற்காக அமைத்த சொந்த ஸ்டூடியோக்கள் 2021 பிப்ரவரியில் மூடப்பட்டன. 2023 ஜனவரி 18 அன்று சேவையே நின்றது. கூகுளின் வருமானத்தில் அது ஒரு கீறல்கூட விழச் செய்யவில்லை.

விலைக்கு வருவோம். கேம் பாஸ் என்பது மைக்ரோசாஃப்டின் மாதச் சந்தா; கட்டும் வரை நூற்றுக்கணக்கான கேம்களை விளையாடலாம், நிறுத்தினால் எதுவும் மிஞ்சாது. அதன் அல்டிமேட் வகை 2023 ஜூன் வரை 14.99 டாலர். இடைக்காலத் தடை வழக்கு நடந்த நாட்களிலேயே, 2023 ஜூலையில், 16.99 ஆனது. 2024இல் 19.99. 2025 அக்டோபர் 1 அன்று 29.99. இரண்டேகால் ஆண்டில் விலை இரட்டிப்பு. 2024 ஜூலையில் விலை ஏற்றியபோது, கன்சோலுக்கான 10.99 டாலர் திட்டமும் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த 14.99 டாலர் திட்டத்தில் புதிய கேம்கள் வெளியீட்டு நாளில் கிடைக்கவில்லை. தரம் குறைந்த பொருளை அதிக விலைக்கு விற்பது இது என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் நீதிமன்றத்துக்கு எழுதியது. பயனில்லை. 2025 மே 7 அன்று மேல்முறையீட்டிலும் அது தோற்றது. அதே மாதம் வழக்கைக் கைவிட்டது.

பேரம் முறிந்தாலும் சேதம் உண்டு. சுவீடனின் எம்ப்ரேசர் குழுமம் ஸ்டூடியோ மேல் ஸ்டூடியோவாக வாங்கிக் குவித்தது. 200 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒரு கூட்டு ஒப்பந்தம் வாய்மொழியாக முடிந்துவிட்டது என்று நம்பிச் செலவுத் திட்டம் போட்டது. எதிர்த்தரப்பு விலகிவிட்டதாக 2023 மே 24 அன்று அறிவிப்பு வந்தது. ஒரே நாளில் பங்கு சுமார் 40 சதவீதம் சரிந்தது. ஆகஸ்ட் 31 அன்று செயின்ட்ஸ் ரோ கேமை உருவாக்கிய வொலிஷன் ஸ்டூடியோ, 30 ஆண்டுப் பழமையானது, மூடப்பட்டது. கையெழுத்து விழாத ஒப்பந்தத்திலிருந்து பூட்டிய கதவு வரை 99 நாள்.

இப்போது எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். 5,500 கோடி டாலரில் 2,000 கோடி கடன், ஜே.பி. மார்கன் வங்கி தருவதாக ஒப்புக்கொண்டது. இந்த முறைக்குக் கடன்வழிக் கையகப்படுத்தல் என்று பெயர். வாங்குபவர் கடன் எடுப்பார், வாங்கப்பட்ட நிறுவனம் அதைத் தன் வருமானத்திலிருந்து அடைக்கும். விற்பனை முடியும் நாளில் 1,800 கோடி டாலர் கடன் எடுக்கப்படும் என்று அறிவிப்பு சொன்னது. வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 126 கோடி டாலர். 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனத்தின் செயல்பாட்டு லாபம், அதாவது வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம், சுமார் 152 கோடி. மீதி 26 கோடி. அசல் அப்படியே நிற்கிறது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செலவைக் குறைத்து லாபத்தைக் கூட்டலாம் என்று முதலீட்டாளர்கள் கணக்கிடுவதாக ஃபைனான்ஷியல் டைம்ஸ் எழுதியது. கேம் ஸ்டூடியோவில் செலவு என்பது பெரும்பாலும் சம்பளம். அமெரிக்க வீடியோ கேம் தொழிலாளர் சங்கம் ஒன்று இந்த விற்பனையைக் கூர்ந்து ஆராயும்படி 2025 அக்டோபரில் அரசு ஆணையங்களைக் கேட்டுக்கொண்டது. பங்குதாரர்கள் டிசம்பரில் ஒப்புதல் தந்தார்கள். 2026 ஜூனுக்குள் விற்பனை முடியும் என்பது நிறுவனம் அறிவித்த கால அளவு. இந்தக் கேம்களை விளையாடுபவரோ, அங்கே வேலை செய்பவரோ, நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டியது வதந்தி வந்த தேதியை அல்ல. பணம் கைமாறும் தேதியை.