போருக்குப் பணம் சேர்த்த வங்கியாளர்

போர் என்றதும் நம் கண்முன் நிற்பவை துப்பாக்கியும் பீரங்கியுமே. ஆனால் போர்வீரனுக்கு உணவும் உடையும் ஊதியமும் வேண்டுமே! அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? வரியை மிக உயர்த்தினால் மக்கள் தாங்கார். காகித நோட்டுகளை அச்சிட்டுக் குவித்தால் விலைவாசி ஏறும். மூன்றாவது வழி கடன் வாங்குவது. இதற்குத் துணை நிற்பவர் வங்கியாளர்.

1861-ஆம் ஆண்டு அமெரிக்காவில், அடிமை முறையைக் கைவிட விரும்பாத தென் மாநிலங்கள் பிரிந்து செல்லவே, உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களின் அரசு 50 கோடி டாலருக்கு 6 சதவீத வட்டியில் கடன் பத்திரங்களை வெளியிட்டது. வாங்குவோர் குறைவாகவே இருந்தனர். 1862-இல் பிலடெல்பியா நகர வங்கியாளர் ஜே குக்கிடம் விற்பனை ஒப்படைக்கப்பட்டது. அவர் செல்வர்களை மட்டும் நம்பியிராமல், சாதாரண மக்களை நாடினார். சுமார் 2,500 முகவர்களை அமர்த்தினார். செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தார். 50 டாலர் பத்திரமும் இருந்ததால் உழவரும் தொழிலாளரும் வாங்கினர். 1864-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. குக்கிற்கு அதில் ஒரு சிறு தரகு கிடைத்தது.

1865-இல் அவர் விற்ற மற்றொரு பத்திரத்தின் வட்டி 7.30 சதவீதம். ஏன் இந்த விந்தையான எண்? 365 நாட்களால் வகுத்துப் பாருங்கள்: 100 டாலருக்கு நாளொன்றுக்குச் சரியாக 2 சென்ட்! கணக்கறியாதவரும் தம் வட்டியை விரல்விட்டு எண்ணலாம். தென் மாநிலங்களோ பெரும்பாலும் நோட்டுகளை அச்சிட்டே செலவு செய்தன. போர் முடிந்தபோது அவை வெற்றுக் காகிதமாயின.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. மக்கள் கொடுத்தது காணிக்கையன்று, கடன். துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னும் அசலையும் வட்டியையும் அரசு பல ஆண்டுகள் வரிப்பணத்திலிருந்து செலுத்தியது. தந்தையர் செய்த போரின் செலவைப் பிள்ளைகளும் சுமந்தனர். இத்தனை பேரின் நம்பிக்கையைப் பெற்ற குக்கும் பின்னர் ஓர் இரயில் பாதைத் திட்டத்தில் அளவுக்கு மீறிப் பணத்தை முடக்கினார். 1873 செப்டம்பரில் அவரது வங்கி மூடப்பட்டது.

வங்கியின் உண்மையான முதல் நம்பிக்கை. அதைச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். இழக்க ஒரு நாள் போதும். வீடாயினும் நாடாயினும், கடன் வாங்குமுன் அதைத் தீர்க்கப்போகிறவர் யார் என எண்ணிப் பார்ப்போம். அத்தகைய கடனே தேவைப்படாத, போரற்ற உலகுக்காக இறைவனை மன்றாடுவோமாக!