பட்டறையில் பிறந்த மரபுத்தொடர்கள்

ஒரு தொடரில் உள்ள சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பொருள் தெரிந்திருந்தும், அவை சேர்ந்து உணர்த்தும் பொருள் பிடிபடாமல் போவதுண்டு. சொற்களின் நேர்ப்பொருளை விட்டு விலகி, வழக்கத்தால் வேறொரு பொருளில் நிலைத்துவிட்ட இத்தகைய தொடரே மரபுத்தொடர். ஆங்கிலத்தில் 'கிக் தி பக்கெட்' என்பதன் நேர்ப்பொருள் வாளியை உதைத்தல். வழக்கில் அது குறிப்பதோ இறந்துபோதலை. வாளியைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லை அங்கே வைத்தால் இறப்பு என்னும் பொருள் மறைந்து உதைத்தல் மட்டுமே எஞ்சும். தமிழிலும் 'கம்பி நீட்டினான்' என்றால் நழுவி ஓடிவிட்டான் என்பது பொருள். 'இரும்புக் கம்பியை நீட்டினான்' என்று ஒரு சொல்லைக் கூட்டியதுமே அது வெறும் கொல்லுவேலையாகிவிடுகிறது.

மத்திய அரசுப் பணிகளுக்கான பணியாளர் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வில் ஆங்கில மரபுத்தொடர்களும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி என்பதால், அவற்றை அகரவரிசைப் பட்டியலாக மனப்பாடம் செய்வோர் பலர். ஆனால் இத்தொடர்களில் கணிசமானவை ஏதேனும் ஒரு தொழிலின் நடைமுறையிலிருந்து கிளைத்தவை. தொழில் மறைந்த பின்பும் தொடர் மட்டும் தங்கிவிடுவதாலேயே அவை புதிர்போலத் தோன்றுகின்றன. துப்பாக்கி, ரயில், மிதிவண்டி, கடைசல் எந்திரம் ஆகியவற்றோடு நெடுநாள் உறவுடைய சென்னையை அடுத்த பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பகுதி இத்தொடர்களைத் தொழில்வாரியாகப் பயில மிகவும் ஏற்ற இடமாகும்.

முதலாவது படைத்தொழில். 19ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லியில் ஆங்கிலேயர் படைமுகாம் இருந்தது. 1960களில் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை விஜயந்தா டாங்கிகளை உருவாக்கத் தொடங்கியது. பழைய சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கியில், விசையை இழுத்ததும் பக்கவாட்டுக் கிண்ணத்தில் இட்ட சிறிதளவு மருந்து முதலில் பற்றி, அந்தத் தீ குழலுக்குள் சென்று அங்குள்ள மருந்தை வெடிக்கச் செய்து குண்டைச் செலுத்தவேண்டும். கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சிட்டுக் குண்டு கிளம்பாமல் நின்றுவிடுவதைக் குறித்த 'ஃப்ளாஷ் இன் தி பேன்' என்னும் தொடர், பின்னர் தொடக்கத்தில் மின்னி நிலைக்காமல் போகும் வெற்றிக்கு ஆயிற்று. வாணவேடிக்கை வழியாக வெடிமருந்தை அறிந்த தமிழர், பெரிதாக எதிர்பார்க்கப்பட்டது ஒன்றுமில்லாமல் போவதைப் 'புஸ்வாணமாகிவிட்டது' என்கின்றனர். துப்பாக்கியின் விசைப்பொறி, கட்டை, குழல் என்னும் மூன்று உறுப்புகளையும் அடுக்கும் 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்பது ஒன்றுவிடாமல் முழுவதும் என்று பொருள்படும்.

இரண்டாவது போக்குவரத்து. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஆவடி வழியாகச் சென்றது. நீராவி எஞ்சினில் அழுத்தம் அளவு மீறும்போது பாதுகாப்பு வால்வு ஆவியை வெளியேற்றும். அதிலிருந்து வந்த 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்பது அடக்கிவைத்த குமுறலைக் கொட்டித் தீர்த்தலாகும். 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தால் அம்பத்தூர் மிதிவண்டிக்குப் பெயர் பெற்றது. சங்கிலியோடு மிதியும் இடைவிடாது சுழன்ற பழைய மிதிவண்டியில், வேகத்தைக் குறைக்க மிதியைப் பின்னோக்கி அழுத்துவதற்குப் 'பேக் பெடல்' என்று பெயர். பேச்சில் அது சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குதல். தமிழில் அதே செயலைக் கழைக்கூத்தாடியின் வித்தையைக்கொண்டு 'பல்டி அடித்தான்' என்பர்.

மூன்றாவது பட்டறை. திருகாணியின் சுற்றுப்பள்ளமாகிய மரை தேய்ந்தால் அது பிடிமானம் இழக்கும். அறிவு நிலைகுலைந்தவரைத் தமிழில் 'மரை கழன்றவர்' என்பதும், ஆங்கிலத்தில் திருகாணி தளர்ந்தவர் என்று பொருள்பட 'ஸ்க்ரூ லூஸ்' என்பதும் ஒரே தொழிற்காட்சியில் வேர்கொண்டவை. பிற இடங்களில் வேறு வேறு காட்சிகளை நாடிய இரு மொழிகளும் இங்கே ஒரே கருவியைக் கையாள்வது குறிப்பிடத்தக்கது.

சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் நிற்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வேறு பொருளில் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என வகுத்தது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்கு மரபாகக் காட்டப்படும் சான்று. குழூஉக்குறி பிறர் அறியாமல் காப்பது. மரபுத்தொடரோ தொழிற்குழுவின் எல்லையைக் கடந்து ஊர்ப்பேச்சாக மாறுவது.

ஆகவே ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பது பயன் தராது. அது எத்தொழிலில் எழுந்தது என்று அறிந்து, அதே கருத்துக்குத் தமிழில் வழங்கும் தொடரை அதன் பக்கத்தில் வைத்துக் கற்பிப்பதே சிறந்த முறை. இப்பகுதிப் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் இதைப் பின்பற்றுவதோடு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளில் வழங்கும் தமிழ்த் தொடர்களையும் மாணவர்களைக்கொண்டு தொகுக்க முன்வர வேண்டும்.