பிள்ளைகளுக்கு எந்தத் தாழ்மையைச் சொல்வோம்?



“தாழ்மையாயிரு” என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் கவனமாயிருக்க வேண்டும். 2006-இல் சம்பூரை விட்டு இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்த குடும்பங்களுக்குத் தலைகுனிந்து வரிசையில் நிற்க எவரும் கற்பிக்கத் தேவையில்லை. அது தாழ்மையன்று, இழப்பு.

ஆகவே நாமானின் கதையைச் சொல்லுங்கள் (அரசர்கள் இரண்டாம் நூல், 5-ஆம் அதிகாரம்). சிரியாவின் படைத்தலைவன் நாமானுக்குத் தொழுநோய். அவன் வீட்டில் வேலை செய்தவள், இஸ்ரயேலிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட ஒரு சிறுமி. ஊரை இழந்தும் அவள் தன் கடவுளை மறக்கவில்லை. சமாரியாவிலுள்ள இறைவாக்கினரிடம் போனால் குணமாகலாம் என்று எஜமானியிடம் துணிந்து சொன்னாள். நாமான் போனான். எலிசாவோ வெளியே வராமல், யோர்தானில் ஏழு தரம் மூழ்கும்படி ஆளனுப்பிச் சொன்னார். நாமான் கோபித்தான், பின் தன் பணியாளரின் சொல்லைக் கேட்டு மூழ்கினான், குணமடைந்தான்.

கதை முடிந்ததும், “இதில் தாழ்ந்தது யார்?” என்று கேளுங்கள். சிறுமி என்பார்கள் சிலர். பொறுத்திருங்கள். பெரியவனே இறங்கவேண்டியிருந்தது என்பதை அவர்களே கண்டுகொள்ளட்டும்.

2015 முதல் சம்பூர்க் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பி விதைத்தோருக்கு இணைச்சட்டம் 8-ஆம் அதிகாரம் உரியது: வயிறு நிறைந்து, வீடு கட்டியபின் ஆண்டவரை மறக்கலாகாது என்று அது எச்சரிக்கிறது. அறுவடையன்று முகாம் நாட்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இன்னும் தம் காணியில் கால்வைக்காத குடும்பம் அயலில் இருந்தால், ஒரு மரைக்கால் நெல்லைப் பிள்ளையின் கையாலேயே கொடுப்பியுங்கள்.